டைப் செய்த கடிதம், ஸ்கேன் கேட்கும் அலுவலகம்: எந்த வழியில் பிடிஎப் ஆக்குவது?

போன வருடம் மாரி தொடங்கிய நேரம். மட்டக்களப்பு மாவட்டத்தின் மண்டூரில் இருந்து ஒரு தங்கச்சி 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து, குருமண்வெளி வழியாகக் களுவாஞ்சிகுடிக்கு வந்திருந்தார். வேலை விண்ணப்பம் ஒன்று. கடிதத்தை வீட்டிலேயே லெப்டொப்பில் டைப் செய்து பிடிஎப்பும் ஆக்கி வைத்திருந்தார். ஆனால் அறிவித்தலில் "கையொப்பமிட்ட ஸ்கேன் பிரதியை அனுப்பவும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தப் பயணம். கொமினிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்து, ஒப்பம் வைத்து, ஸ்கேன் செய்து கொண்டு வீட்டுக்குப் போனார். இரவு தளத்தில் ஏற்றப் பார்த்தால் பைல் பெரிது என்று திருப்பி விட்டது. மூன்று பக்கம், 11 எம்பி. தளம் ஏற்பது 2 எம்பி. மறுநாள் காலை திரும்பவும் பாதை.

நான் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். "மிஸ், டைப் பண்ணின பைல ஸ்கேன் மாதிரி மாத்துறது எப்படி?" என்ற கேள்வி வட்ஸ்அப்பில் வராத கிழமை இல்லை. வழிகள் பல இருக்கின்றன. எது உங்களுக்குச் சரி என்பது, கேட்பவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்பதில்தான் தங்கியிருக்கிறது. அதனால் வழிகளுக்கு முன்னால் அளவுகோல்களைப் பார்ப்போம்.

எவற்றை வைத்து முடிவு செய்வது

முதலாவது, 'ஸ்கேன் கொப்பி' என்று எழுதுகிறவர் மனதில் இருப்பது என்ன? மூன்றில் ஒன்றாக இருக்கலாம். பேனாவால் ஒப்பமிட்ட தாள் ஒன்று உண்மையில் இருக்கிறது, அதன் படம் வேண்டும் என்பது ஒன்று. பிறப்புச் சான்றிதழ், பெறுபேறு போன்ற மூல ஆவணத்தின் பிரதி வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது, பைலாக அனுப்பினால் போதும் என்பதை அலுவலகப் பழக்கத்தில் 'ஸ்கேன்' என்று எழுதிவிடுவது. என் அனுபவத்தில் இந்த மூன்றாவதுதான் அதிகம்.

இரண்டாவது பைலின் அளவு. வேர்டில் இருந்து எடுத்த பிடிஎப்பில் எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும், பக்கத்துக்கு 100 கேபிகூட வராது. ஸ்கேன் பிடிஎப்பில் இருப்பது ஒரு படம் மட்டுமே. ஏ4 தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) எடுத்தால் 2480 × 3508, அதாவது கிட்டத்தட்ட 87 இலட்சம் புள்ளிகள். 600 டிபிஐ என்றால் அதன் நாலு மடங்கு. மண்டூர்த் தங்கச்சியின் 11 எம்பி அங்கிருந்துதான் வந்தது. கடையில் இயந்திரம் 600 கலரில் விட்டபடியே இருந்திருக்கிறது.

மூன்றாவது, தமிழ் எழுத்து தப்புமா என்பது. ஆங்கிலக் கடிதத்துக்குப் போதுமான தெளிவு தமிழுக்குப் போதாது. நமக்குப் புள்ளியும் சுழியும் உயிர்.

நாலாவது, பைல் யார் கைக்கெல்லாம் போகிறது? அடையாள அட்டை இலக்கம் சும்மா ஓர் இலக்கம் இல்லை. இலங்கையின் புதிய 12 இலக்க எண்ணில் முதல் நாலும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் பிறந்த திகதியையும் கொடுத்த மாதிரி.

அப்புறம் காசும் நேரமும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற ஒருவருக்கு ஒரு பக்க ஸ்கேன் என்பது கடைக்காரர் கேட்கும் தொகை மட்டும் இல்லை. பஸ் காசும் அரை நாளும் சேர்ந்தது. கடைசியாக, அந்த பைலில் பின்னொரு நாள் ஏதாவது தேட, பிரதி எடுக்க, திருத்த வேண்டி வருமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

அவசரமாக வந்தவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கு உரிய பகுதிக்குப் போகலாம்.

| வழி | ஒரு பக்கத்தின் அளவு | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| கடையில் பிரின்ட், ஒப்பம், ஸ்கேன் | டிபிஐயைப் பொறுத்து 200 கேபி முதல் பல எம்பி வரை | பயணம், கடைக் கணினியில் தங்கும் பைல் | சீல், முத்திரை, உறுதிப்படுத்திய பிரதி |
| போன் ஸ்கேன் | 200 முதல் 800 கேபி | புள்ளியும் சீலும் மறைதல் | தாள் ஏற்கெனவே கையில் இருந்தால் |
| ஸ்கேன் தோற்றம் தரும் தளம் | 300 கேபிக்கு மேல் | தனியுரிமை | உங்கள் சொந்தக் கடிதம் மட்டும் |
| கணினியில் படமாக்குதல் | தெளிவைப் பொறுத்து மாறும் | தேட முடியாது | மறைக்க வேண்டிய விபரம் உள்ள ஆவணம் |
| சாதாரண பிடிஎப் | 100 கேபிக்குள் | சில அலுவலகங்கள் திருப்பலாம் | மற்ற எல்லாவற்றுக்கும் |

கடையில் பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்வது

கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு, சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதி, பிரதேச செயலக முத்திரை. இவற்றில் ஏதாவது உங்கள் தாளில் இருந்தால் வேறு வழியைத் தேட வேண்டாம். தட்டையான கண்ணாடியில் வைத்து எடுக்கும் ஸ்கேன்தான் இவற்றை நேராகவும் நிறம் மாறாமலும் தரும்.

கடையில் இரண்டு விடயம் கேளுங்கள். ஒன்று, "200 டிபிஐயில், சீல் இருந்தால் கலரில், இல்லாவிட்டால் கிரேயில்." 12 புள்ளி அளவில் அடித்த தமிழ் எழுத்துக்கு 200 தாராளம். மற்றது, பைலை உங்கள் யூஎஸ்பியிலோ மின்னஞ்சலிலோ எடுத்ததும் கடைக் கணினியில் இருந்து அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. ஒரு கடையில் என் பைலைத் தேடிக் கொண்டிருந்த தம்பி டெஸ்க்டொப்பைத் திறந்தபோது, யார் யாருடையதோ அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், ஒரு பிள்ளையின் மருத்துவ அறிக்கை எல்லாம் வரிசையாகக் கிடந்தன. அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. அழிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டவுடன் எனக்கு முன்னாலேயே அழித்துத் தந்தார்.

பைல் பெரிதாக வந்தால் கடையில், "இருங்க அக்கா, மறுகா சைஸக் குறைச்சுத் தாறன்" என்று உதவுவார்கள். குறைத்த பைலை அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள், குறிப்பாக இலக்கங்களை. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர், செரொக்ஸ் வேர்க்சென்டர் வகை இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது சில இலக்கங்களையே மாற்றிவிடுவதைக் கண்டறிந்தார். கட்டட வரைபடம் ஒன்றில் அறைகளின் பரப்பளவு மாறியிருந்தது. 6 இருந்த இடத்தில் 8 வந்தது. பைலைச் சிறிதாக்குவதற்காக, ஒரே மாதிரித் தெரியும் சிறு துண்டுகளை ஒன்றாகக் கருதித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சுருக்கும் முறைதான் காரணம். அந்த நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது. ஆனாலும் வங்கிக் கணக்கு இலக்கம் இருக்கும் பக்கத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்காமல் அனுப்ப எனக்கு மனம் வராது.

போனால் ஸ்கேன் செய்வது

தாள் கையில் இருக்கிறது, கடைதான் தூரம் என்றால் இது நல்ல வழி. ஐபோனின் நோட்ஸ் செயலியில் 2017இல் இருந்தே ஸ்கேன் வசதி உண்டு. அன்ட்ரொய்டில் கூகுள் டிரைவில் பிளஸ் குறியை அழுத்தினால் ஸ்கேன் வரும். வேறு செயலி இறக்கத் தேவையே இல்லை. கேம்ஸ்கேனர் என்ற ஸ்கேன் செயலியின் அன்ட்ரொய்ட் பதிப்பில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு விளம்பரத் தொகுதியில் தீங்கு நிரல் இருப்பதை 2019 ஓகஸ்டில் கஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்து, அதை கூகுள் பிளே சில நாள் நீக்கி வைத்ததும் நடந்தது. திருத்திய பிறகு திரும்ப வந்தது. போனிலேயே இருப்பதை விட்டு வெளியே போகக் காரணம் இருக்கிறதா என்று மட்டும் யோசியுங்கள்.

இந்த வழியின் ஆபத்து ஃபில்டரில் இருக்கிறது. செயலிகள் பல, தாளை வெள்ளையாகக் காட்டுவதற்காகத் தாமாகவே 'கறுப்பு வெள்ளை' ஃபில்டரைப் போட்டுவிடும். மங்கலான சாம்பல் எல்லாம் வெள்ளையாகிவிடும். போன மாதம் ஒரு அண்ணா அனுப்பிய விண்ணப்பத்தில் 'அம்மன் கோவில் வீதி' என்ற முகவரி 'அமமன கோவில வீதி' என்று இருந்தது. மை குறைந்த பிரின்டரில் எடுத்த தாள். புள்ளி எல்லாம் போய்விட்டது. அதே பக்கத்தின் அடியில் கிராம உத்தியோகத்தரின் ஊதா நிறச் சீல் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு வளைந்த கோடு மட்டும் மிச்சம். திரும்ப 'கலர்' ஃபில்டரில் எடுத்தோம், சீலும் புள்ளியும் வந்துவிட்டன. பைல் கொஞ்சம் பெரிதானது, பரவாயில்லை.

வெளிச்சம் யன்னல் பக்கத்தில் இருந்து வரட்டும். தலைக்கு மேல் மின்விளக்கு எரியும்போது எடுத்தால் உங்கள் கையின் நிழலே தாளில் விழும்.

ஸ்கேன் தோற்றம் தரும் இணையதளங்கள்

கேள்வி கேட்பவர்களில் பலர் தேடுவது இதைத்தான். டைப் செய்த பிடிஎப்பை ஏற்றினால், ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கி, அரைப் பாகை சரித்து, சாம்பல் நிறம் பூசி, சிறு தூசுப் புள்ளிகள் தூவி, கொஞ்சம் மங்கலாக்கித் திரும்பப் பிடிஎப்பாகத் தரும். தாளில் எடுத்தது போலவே இருக்கும். பிரின்டர் தேவையில்லை, பாதையில் ஏறத் தேவையில்லை.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உங்கள் பைலைத் தன் சேவருக்கு அனுப்பி அங்கே மாற்றித் தருவது. மற்றது உங்கள் பிரவுசருக்குள்ளேயே வேலையை முடிப்பது. எந்த வகை என்று அறிய ஒரு சோதனை: தளம் முழுதாகத் திறந்ததும் டேட்டாவை நிறுத்துங்கள். பிறகு ஒரு வெற்றுக் கடிதத்தைக் கொடுத்து மாற்றிப் பாருங்கள். மாற்றினால் வேலை உங்கள் போனுக்குள்ளேயே நடக்கிறது. மாற்றாமல் நின்றால் உங்கள் பைல் வெளியே போகிறது என்றே எடுத்துக் கொள்ளுங்கள். அடையாள அட்டை இலக்கமோ வங்கிக் கணக்கோ இருக்கும் கடிதத்தை அப்படி வெளியே அனுப்பும் தளத்துக்கு நான் கொடுக்க மாட்டேன். நீங்களும் கொடுக்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு இன்னும் இருக்கிறது. தூவிய தூசுப் புள்ளிகள் பைலைப் பெரிதாக்கும். படத்தைச் சுருக்கும் ஜேபெக் முறைக்குச் சீரான வெள்ளைப் பரப்பு இலகு, ஒழுங்கில்லாத புள்ளிகள் கஷ்டம். சரித்து வைத்த பக்கத்தைப் பிறகு எழுத்தாக மாற்றப் போனால் பிழைகளும் கூடும். தளத்தில் அந்த இரண்டையும் பூச்சியத்துக்குக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். வாசிப்பவருக்குத் தெளிவான பக்கம் கிடைக்கும், உங்களுக்குச் சிறிய பைல் கிடைக்கும்.

இனி முக்கியமான விடயம். இந்த வழி உங்கள் சொந்தக் கடிதத்துக்கு மட்டும்தான். நீங்கள் எழுதி, உங்கள் ஒப்பத்தை நீங்களே வைத்த கடிதம் எந்தத் தோற்றத்தில் போனாலும் உங்களுடையது. ஆனால் மற்றவரின் ஒப்பத்தை வெட்டி ஒட்டி, அது தெரியாமல் இருக்க ஸ்கேன் தோற்றம் கொடுப்பது போலி ஆவணம். உள்ளடக்கம் உண்மையாக இருந்தாலும் போலிதான். "சேர் லீவில நிக்கிறார், பழைய கடிதத்தில இருக்கிற அவரோட ஒப்பத்தையே போட்டா என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. அந்தப் பிள்ளை ஏமாற்ற நினைத்துக் கேட்கவில்லை, முடிவுத் திகதி நெருங்கிய பயத்தில் கேட்டார். அப்படிப் போன ஒரு கடிதம், வேலை கிடைத்த பிறகு ஆவணக் கோவையைச் சரிபார்க்கும் நாளில் அவரையே சிக்கலில் கொண்டு போய் நிறுத்தும். ஒப்பமிட வேண்டியவர் கிடைக்கவில்லை என்றால் விண்ணப்பத்துடன் ஒரு வரி எழுதி அவகாசம் கேளுங்கள். பெறுபேற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

சொந்தக் கணினியில் படமாக்குவது

தோற்றத்துக்காக இல்லாமல் உண்மையான ஒரு தேவைக்காகப் படமாக்க வேண்டிய நேரங்களும் உண்டு. நான் இந்த வழியை விரும்புவதும் அதற்காகத்தான்.

ஒரு ஆவணத்தில் வங்கி இலக்கத்தை மறைத்து அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். பலர் பிடிஎப்பில் அந்த இடத்தின் மேல் கறுப்புப் பெட்டி வரைகிறார்கள். பெட்டிக்குக் கீழே இலக்கம் அப்படியே இருக்கிறது. தெரிவு செய்து கொப்பி பண்ணினால் வெளியே வந்துவிடும். பக்கத்தையே படமாக்கினால் பெட்டிக்குக் கீழே ஒன்றும் மிஞ்சாது. ஒப்பத்தின் படத்தைக் கடிதத்தில் வைத்திருந்தாலும் இதே கதைதான். சாதாரண பிடிஎப்பில் இருந்து அந்த ஒப்பத்தை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியும். பக்கம் முழுவதும் ஒரே படம் என்றால் அது கடினமாகும். ஆனால் 'படமாக்கினால் ஒருவரும் திருத்த முடியாது' என்று நினைக்க வேண்டாம், படத்தையும் திருத்தலாம்.

விண்டோஸ் 10, 11 கணினியில் இதற்குக் காசு தேவையில்லை. அடொபி ரீடரில் பிடிஎப்பைத் திறந்து, பிரின்ட் கொடுங்கள். பிரின்டராக 'மைக்ரோசொப்ட் பிரின்ட் டு பிடிஎப்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 'அட்வான்ஸ்ட்' என்ற பொத்தானுக்குள் 'பிரின்ட் அஸ் இமேஜ்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் சரி போடுங்கள். வந்த பைலில் ஒரு சொல்லைத் தெரிவு செய்து பாருங்கள். தெரிவாகாவிட்டால் படமாகிவிட்டது. நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தொடர்ந்து மாற்றுபவர்கள் இமேஜ்மேஜிக், கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள்களைப் பழகிக் கொள்ளலாம்.

நம் பக்கத்தில் இன்னொரு பயன் உண்டு. பாடசாலைகளிலும் சங்கங்களிலும் பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினி இல்லாத கணினியில் அந்த வேர்ட் பைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பிடிஎப் ஆக்கினால் பார்வைக்குச் சரியாகும், ஆனால் கொப்பி பண்ணினால் திரும்பவும் அதே குழப்பம். அந்தப் பிடிஎப்பைத் தெளிவான படமாக்கி, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால், அது படத்தைப் பார்த்து, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் எழுத்தில் எழுதித் தரும். பிழை இருக்கும், திருத்த வேண்டும். ஆனால் முழுக் கடிதத்தையும் திரும்ப டைப் செய்வதை விட எவ்வளவோ மேல். இதற்குச் சரிவும் தூசும் இல்லாத, 300 டிபிஐ படம் வேண்டும்.

பிடிஎப்பாகவே விடுவது

வேர்டில் 'சேவ் அஸ்' கொடுத்துப் பிடிஎப் ஆக்கி அப்படியே அனுப்புவது. ஒப்பம் வேண்டும் என்றால் போனில் அடொபி ரீடரின் 'ஃபில் அன்ட் சைன்' மூலம் விரலால் போடலாம். அல்லது வெள்ளைத் தாளில் பேனாவால் போட்டுப் படமெடுத்து வைக்கலாம். பைல் சிறியது, எழுத்து எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாது, தேடலாம். யூனிகோடில் இருந்தால் பார்வையற்ற ஒருவருக்கும் திரை வாசிப்பான் அதை வாசித்துக் காட்டும். ஸ்கேன் படம் அவருக்கு வெற்றுப் பக்கம்தான். கடிதம் போகும் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்று நாம் நினைப்பதே இல்லை.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணத்தையும் இலத்திரனியல் ஒப்பத்தையும் ஏற்கிறது. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. மரண சாசனம், அற்றோணித் தத்துவம் (ஒருவருக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்), காணி விற்பனை ஆகியவை இதற்குள் வராது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிமாரின் காணி அலுவல்களை இங்கே பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே தாளும் பேனாவும்தான்.

லங்காசைன் போன்ற டிஜிட்டல் ஒப்பச் சேவை தரும் சான்றிதழுடன் ஒப்பமிட்ட பிடிஎப் உங்களுக்கு வந்தால், அதை எந்தக் காரணத்துக்காகவும் ஸ்கேன் போல மாற்றாதீர்கள். ஒப்பத்தைச் சரிபார்க்கும் தரவு அந்த பைலுக்குள்தான் இருக்கிறது. படமாக்கிய அந்தக் கணமே அது போய்விடும். மிஞ்சுவது ஒப்பம் போன்ற ஒரு படம் மட்டுமே.

இந்த வழியின் ஒரே பலவீனம், சில அலுவலகங்கள் "இது ஸ்கேன் இல்லையே" என்று திருப்புவது. அதற்குப் பயந்துதான் பலர் நேரே தளங்களுக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சலோ தொலைபேசி அழைப்போ போதும். மண்டூர்த் தங்கச்சிக்கு அடுத்த விண்ணப்பம் வந்தபோது நாங்கள் இப்படி எழுதினோம்:

"மதிப்புக்குரிய ஐயா / அம்மணி, விண்ணப்பக் கடிதத்தைப் பிடிஎப் வடிவில் தயாரித்து எனது ஒப்பத்தையும் அதில் இட்டுள்ளேன். இது போதுமானதா, அல்லது அச்சிட்டுப் பேனாவால் ஒப்பமிட்ட தாளின் ஸ்கேன் பிரதிதான் தேவையா என்பதையும், பைலின் உச்ச அளவு எவ்வளவு என்பதையும் அறியத் தரவும்."

பின்னேரமே பதில் வந்தது. பிடிஎப் போதும், 2 எம்பிக்குள் இருக்கட்டும் என்று. அன்று அவர் பாதைக்குப் போகவில்லை.